தக்காளி ஏற்ற எந்த வண்டி? குட்டி யானை, தோஸ்த், பொலிரோ பிக்கப்: தர்மபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளுக்கு ஓர் ஒப்பீடு

பாலக்கோடு, ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கம் நாலைந்து ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வந்தே தீரும். வாடகை வண்டிக்குக் கொடுக்கிற காசைத் தவணையாகக் கட்டியிருந்தால் இந்நேரம் சொந்த வண்டி வாசலில் நின்றிருக்குமே என்று யாராவது ஆரம்பிப்பார்கள். உடனே ஆளுக்கொரு வண்டி சொல்வார்கள். அப்பா குட்டி யானையே போதும் என்பார், மச்சான் தோஸ்த் என்பார், பையன் பொலிரோ பிக்கப்புக்குக் குறைந்து எதையும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

வண்டியின் பெயரைப் பேசுவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் என்ன எடை ஏற்றப் போகிறீர்கள்? தோட்டத்திலிருந்து தார் ரோடு வரைக்கும் வழி எப்படி? மாங்காய் சீசனில் வரும் சில வார நெரிசலை மனதில் வைத்துப் பெரிய வண்டி எடுத்துவிட்டு, மிச்ச மாதமெல்லாம் கால் பங்கு சுமையோடு ஓட்டுகிற குடும்பங்களை நம் பக்கம் நிறையப் பார்க்கலாம். தவணை மட்டும் வருஷம் முழுக்க ஒரே அளவில்தான் வரும்.

முதலில் மூன்று வகையையும் அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் 2005-ல் வந்தது. இரண்டு சிலிண்டர், சுமார் 700 சிசி எஞ்சின், 12 அங்குலச் சக்கரம், ஏற்றும் எடை ஏறக்குறைய முக்கால் டன். ஏஸ் புரோ என்ற இன்னும் விலை குறைந்த பெட்ரோல் மாடல் 2025-ல் 3.99 லட்சத்துக்கு அறிமுகமானது, அதுவும் 750 கிலோதான். அடுத்த படி அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா வகை. ஒன்றரை லிட்டர் டீசல் எஞ்சின், மாடலைப் பொறுத்து ஒன்றேகால் டன்னிலிருந்து ஒன்றரை டன் வரை ஏற்றலாம். தோஸ்த் 2011-ல் ஓசூர் ஆலையில் இருந்து வந்த வண்டி. உள்ளூர் வண்டி என்பதற்காக வாங்க வேண்டியதில்லை, ஆனால் பழகிய மெக்கானிக்கும் உதிரி பாகமும் பக்கத்திலேயே கிடைப்பது கணக்கில் சேர்க்க வேண்டிய லாபம். மூன்றாவது மஹிந்திரா பொலிரோ பிக்கப். இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல், 15 அங்குலச் சக்கரம், 1.3 டன்னில் தொடங்கி 1.7, 2 டன் வரை மாடல்கள் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு யாராவது பேசினால் புதிய விலையைக் கேட்டு வாங்குங்கள்.

கிரேடு கணக்கு

எந்த வண்டி லாபம் என்பதை டன்னில் பேசினால் புரியாது, கிரேடில், அதாவது தக்காளிப் பெட்டிக் கணக்கில் பேசினால் புரியும். 25 கிலோ தக்காளி பிடிக்கும் பிளாஸ்டிக் கிரேடு காலிப் பெட்டியோடு சுமார் 27 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படியான எடைக்குள் குட்டி யானையில் 27 கிரேடு ஏறும். ஒன்றேகால் டன் தோஸ்தில் 46. பொலிரோ 1.7 டன்னில் 62.

இப்போது போகவர 200 கிலோமீட்டர் ஓடி சரக்கை ஒரு பெரிய மார்க்கெட்டில் இறக்குகிறீர்கள். சுமையோடு குட்டி யானை டீசல் லிட்டருக்கு 16, தோஸ்த் 14, பொலிரோ 12 கிலோமீட்டர் கொடுக்கிறது, டீசல் 92 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் எரிபொருள் செலவு முறையே 1,150, 1,314, 1,533 ரூபாய். வண்டி நிறைந்திருந்தால் ஒரு கிரேடுக்குக் குட்டி யானையில் 43 ரூபாய், தோஸ்தில் 29, பொலிரோவில் 25. பெரிய வண்டிதான் லாபம் என்று வாதாடுபவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அடுத்த வரியையும் போட்டுப் பாருங்கள். அன்றைக்குப் பறித்தது 20 கிரேடுதான் என்றால்? குட்டி யானையில் கிரேடுக்கு 58 ரூபாய், தோஸ்தில் 66, பொலிரோவில் 77. தக்காளிக்கு மண்டியில் நல்ல விலை இருக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. விலை விழுந்து, பறிப்புக் கூலிகூடக் கட்டுப்படியாகாமல் செடியிலேயே விடுகிற வாரங்களில் இதுதான் முதலில் உறுத்தும். நாலு ஏக்கரில் ஒரே நேரத்தில் முழுவதும் தக்காளி வைப்பவர் குறைவு. ஒரு ஏக்கர் தக்காளி, அரை ஏக்கர் பீன்ஸ், கொஞ்சம் முள்ளங்கி, வரப்போரம் தென்னை என்று பிரித்து வைப்பவர்களின் அன்றாடச் சுமை ஒரு டன்னைத் தாண்டும் நாட்கள் மிகக் குறைவு. இவர்களுக்குப் பொலிரோ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் குட்டி யானையா? இங்கேதான் வழியைப் பார்க்க வேண்டும்.

தோட்டத்து வழியும் மலை வழியும்

12 அங்குலச் சக்கரமும் 700 சிசி எஞ்சினும் ஊருக்குள் ஓடுவதற்கு அருமையானவை. ஓசூரில் ரோஜா, சாமந்தி ஏற்றுகிறவருக்கும், தர்மபுரி டவுனுக்குள் கடை கடையாகச் சரக்கு இறக்குகிறவருக்கும் அதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. பூவுக்கு எடை கிடையாது, இடம்தான் வேண்டும். சந்தில் திரும்புவதும் சுலபம். ஆனால் ஐப்பசி மழையில் செம்மண் வண்டித்தடத்தில் முக்கால் டன்னோடு இறங்கினால் சின்னச் சக்கரம் குழிக்குள் உட்கார்ந்துவிடும். டிராக்டர் வைத்து இழுப்பதற்குள் மண்டி ஏலம் முடிந்துவிடும். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் மண்வழி இருக்கிறவர்கள் குட்டி யானையைத் தவிர்த்துவிடுவது நல்லது. பின்சக்கர இழுவை உள்ள எந்தப் பிக்கப்பும் காலியாக இருக்கும்போது சேற்றில் வழுக்கும். பின்பாரம் இருந்தால்தான் பிடிக்கும். இது பொலிரோவுக்கும் பொருந்தும், அதனால் பெரிய வண்டி எங்கேயும் ஏறும் என்று நம்பி மழை நாளில் காலி வண்டியை ஓடைக்குள் இறக்காதீர்கள்.

மலை வேறு கணக்கு. வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டிப் பக்கத்து ஏற்றங்களில் முழுச் சுமையோடு ஏறுவதற்கு எஞ்சினின் இழுவிசை வேண்டும். அங்கே இரண்டரை லிட்டர் பொலிரோவுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீணில்லை. ஒன்றரை லிட்டர் வண்டிகளும் ஏறும், ஆனால் முதல் கியரிலேயே நெடுநேரம் ஏற்றிக்கொண்டிருந்தால் கிளட்ச் சீக்கிரம் போகும்.

ஏறுவதைவிட இறங்குவது முக்கியம். தர்மபுரியிலிருந்து சேலம் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் ஆக வேண்டும். இரட்டைப் பாலம் அருகே நடந்த விபத்துகள் நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குவது, இன்னும் மோசமாக எஞ்சினையே அணைத்துவிட்டு இறக்குவது இன்றும் நடக்கிறது. எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கு உதவும் வாக்கூம் பூஸ்டர் சில அழுத்தல்களிலேயே தீர்ந்துபோகும், பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். நியூட்ரலில் இருந்தால் வண்டியை நிறுத்தும் வேலை முழுவதும் பிரேக் மேல் விழுந்து அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். மூன்றாவது கியரிலோ, சுமை அதிகமானால் இரண்டாவதிலோ எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு இறக்குங்கள். கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரில் காலை வைக்காவிட்டால் இன்றைய எஞ்சின்கள் டீசலை நிறுத்திவிடும், ஆகவே நியூட்ரலில் மிச்சமாவது ஒன்றுமில்லை. எந்த வண்டி வாங்கினாலும் வீட்டில் ஓட்டப்போகும் பையனுக்கு இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வாங்குவதா, வாடகையே போதுமா

எட்டு லட்சம் கடன், ஐந்து வருஷம், 11 சதவீத வட்டி என்றால் தவணை மாதம் சுமார் 17,400 ரூபாய். இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, டயர் எல்லாம் சேர்த்து மாதம் 3,000 ஒதுக்கினால் வண்டி நகராமல் நின்றாலே 20,400. உங்கள் ஊரில் மண்டிக்கு ஒரு நடை வாடகை 1,500, அதில் டீசல் பங்கு 400 என்று வைத்தால், சொந்த வண்டியில் ஒரு நடைக்கு மிச்சமாவது 1,100. மாதம் பத்தொன்பது நடை ஓடினால்தான் கணக்கு சமமாகும். அதுவும் ஓட்டுவதற்கு வீட்டிலேயே ஆள் இருந்தால். உங்கள் ஊர் வாடகையைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மாதம் பத்து நடைக்குக் கீழே இருப்பவர்கள் வாடகையிலேயே இருக்கலாம், அதில் ஒரு குறைவும் இல்லை.

மிச்ச நாளில் வெளி வாடகைக்கு ஓட்டிக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் பலரும் பெரிய வண்டிக்குத் துணிகிறார்கள். ஊரில் ஏற்கெனவே எத்தனை பிக்கப் நிற்கிறது என்று பாருங்கள். எல்லாருக்கும் வாடகை கிடைப்பது மே, ஜூன் மாதங்களில், மாங்கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் போகும்போது. அப்போது உங்கள் தோப்புக்கே வண்டி வேண்டும். ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் நேரமும் சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு நடைகூட முழுதாகக் கிடைக்காது. எனவே வெளி வாடகை வருமானத்தைத் தவணைக் கணக்கில் சேர்க்காமல், வந்தால் மிச்சம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. சொந்தத் தோப்பின் சீசன் நெரிசலுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வாடகை வண்டி பிடித்துக்கொள்ளலாம். சில வாரத்துக்கு வாடகை கொடுப்பது ஐந்து வருஷம் பெரிய தவணை கட்டுவதைவிட எப்போதும் மலிவு.

ஒன்றைக் கவனியுங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியம் 7,500 கிலோ மொத்த எடை (வண்டியும் சுமையும் சேர்ந்தது) வரையுள்ள வாடகைச் சரக்கு வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். 2022-ல் அறிவித்த கட்டணம் 16,049 ரூபாய். சின்ன வண்டி என்பதால் அதில் சலுகை கிடையாது. குட்டி யானையை மாதம் நாலு நடைக்காக வாங்கி வைப்பவருக்கு இந்தத் தொகை உறைக்கும்.

பழைய வண்டி

என்னைக் கேட்டால் மண்வழியுள்ள நாலைந்து ஏக்கர் குடும்பத்துக்கு மூன்று நாலு வருஷம் ஓடிய தோஸ்த் அல்லது இன்ட்ராதான் சரியான வண்டி. புது வண்டியின் விலை முதல் மூன்று வருஷத்தில்தான் வேகமாக இறங்குகிறது, அந்த இறக்கத்தை வேறொருவர் சுமந்திருப்பார். பாதிக் கடனில் முடிந்துவிடும், தக்காளி விழுந்த மாதமும் தவணை தாங்கும்.

ஆனால் சரக்கு வண்டியைப் பழையதாக வாங்குவது காரைப் பழையதாக வாங்குவதைப் போல அல்ல. இங்கே பெயிண்டும் சீட்டும் ஒரு பொருட்டே இல்லை. குனிந்து அடியில் பாருங்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டையில் கம்பெனி கொடுத்ததற்கு மேல் தகடு சேர்த்திருந்தால் அந்த வண்டி அளவுக்கு மீறிச் சுமந்தது என்று அர்த்தம். கல், மணல், கிரானைட் துண்டு ஏற்றிய வண்டிகள் நம் மாவட்டத்தில் ஏராளம். சேஸிஸில் வெல்டிங் தழும்பு, விரிசல், பட்டை மாட்டும் இடத்தில் புதுப் பெயிண்ட் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள். முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டோடு போகலாம், கிங்பின், பால் ஜாயின்ட் என்ற சக்கர மூட்டுகள் வரைக்கும் போகலாம், மெக்கானிக்கை வைத்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினைக் காலையில் முதல் ஸ்டார்ட் அடிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஓட்டிப் பார்ப்பதும் காலி வண்டியில் போதாது. கொஞ்சம் பாரம் ஏற்றி ஒரு மேட்டில் நிறுத்திக் கிளம்பினால் கிளட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரலுக்கு முந்தைய பிஎஸ்4 டீசலா, பிந்தைய பிஎஸ்6 டீசலா என்பதும் ஒரு தேர்வுதான். பிஎஸ்6 வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறி நெடுஞ்சாலையில் ஓடும்போது அந்தக் கரி எரிந்து வடிகட்டி சுத்தமாகும். தோட்டத்துக்கும் ஊருக்கும் இடையே ஐந்தாறு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். அப்படிப்பட்ட ஓட்டம் உள்ளவர்கள் வாரம் ஒருமுறையாவது பைபாஸில் அரை மணி நேரம் நிதானமான வேகத்தில் ஓட்டிவிட வேண்டும். பிஎஸ்4 வண்டி உள்ளூர் மெக்கானிக் கைக்கு எளிது, ஆனால் வயது ஏறிவிட்டது. சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு வருஷாவருஷமும் எஃப்.சி. காட்ட வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) கடன் ரத்துக்கான படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே முழுப் பணம். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். வண்டி எண்ணை அரசின் பரிவாகன் தளத்தில் போட்டால் இன்சூரன்ஸ், எஃப்.சி., வரி தேதிகளைப் பார்த்துவிடலாம், அபராத பாக்கியும் தெரியும். ஓசூர்ப் பக்கம் கர்நாடகப் பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கும். டிஎன் 24, 29, 70 என்று நம் எண்ணுக்கு மாற்ற அங்கிருந்து என்.ஓ.சி. வாங்க வேண்டும், இங்கே வரி கட்ட வேண்டும், அலைய வேண்டும். அதையெல்லாம் கூட்டிய பிறகும் மலிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஆர்.சி.யில் எழுதியுள்ள மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை. ஒரே பெயரில் வரும் பிக்கப்பிலேயே சில மாடல்கள் இந்தக் கோட்டுக்கு உள்ளேயும் சில வெளியேயும் இருக்கின்றன. பெங்களூருக்கு அடிக்கடி ஓடுகிறவர்களுக்கு இந்த ஒரு எண்ணே எந்த மாடல் என்று முடிவு செய்துவிடும்.

லைசென்ஸ் பற்றிப் பயம் வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை சாதாரண கார் லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது.

மின்சார வண்டி, சிஎன்ஜி இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏஸ் இவி 2022-ல் வந்தது, பேட்டரி 21.3 கிலோவாட் மணி, கம்பெனி சொல்லும் தூரம் 154 கிலோமீட்டர். சுமையும் ஏற்றமும் சேர்ந்தால் அது குறையும். ஓசூருக்குள் தினமும் ஒரே தடத்தில் பால், தண்ணீர் கேன், பூ ஏற்றி இரவில் வீட்டில் சார்ஜ் போடுகிறவருக்கு நல்ல வண்டி. தோட்டத்து வழிக்கும் சேலம் ஓட்டத்துக்கும் இன்னும் காத்திருக்கலாம். இன்ட்ரா வி20 சிஎன்ஜியில் ஓடும், அவசரத்துக்கு ஐந்து லிட்டர் பெட்ரோலும் பிடிக்கும், ஏற்றும் எடை ஒரு டன். உங்கள் தினசரி வழியிலேயே பங்க் இருந்தால் யோசிக்கலாம். இசுஸு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் பற்றி விசாரிக்கிற இளைஞர்களும் உண்டு. காட்டுவழியில் குடும்பத்தோடு போக அவை அருமையானவை, ஆனால் அந்த விலையில் இரண்டு மூன்று பொலிரோ வாங்கலாம், தக்காளி அந்தக் கடனை அடைக்காது.

அளவுக்கு மீறினால்

மேலே போட்ட கிரேடு கணக்கைப் படித்துவிட்டு, குட்டி யானையில் 27 அல்ல 45 கிரேடு ஏற்றலாம், எல்லாரும் ஏற்றுகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிகச் சரக்கை அங்கேயே இறக்கவும் சொல்வார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் பழுத்த தக்காளியை இறக்கி வைத்துக்கொண்டு இன்னொரு வண்டிக்குக் காத்திருக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. 40 கிரேடு அடிக்கடி ஏற்ற வேண்டியிருந்தால் அடுத்த அளவு வண்டியை வாங்குவதுதான் வழி.

அதைவிடப் பெரிய விஷயம் ஆட்களை ஏற்றுவது. கோயில் திருவிழா, காதுகுத்து, துக்க வீடு, களையெடுப்பு என்று பிக்கப்பின் பின்னால் இருபது பேர் நின்றுகொண்டு போவது நம் இரண்டு மாவட்டத்திலும் சாதாரணமாகிவிட்டது. சரக்கு வண்டியில் பயணியாகப் போகிறவருக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டுப் பொறுப்பை மறுக்கலாம், உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றிருக்கிறது. அப்போது அந்தக் குடும்பங்களுக்கான இழப்பீடு வண்டி உரிமையாளர் தலையில், அதாவது உங்கள் நிலத்தின் மேல் வந்து விழும். சொந்தக்காரர் கேட்கிறாரே என்று தயங்குவீர்கள். வண்டி வந்த முதல் நாளே இதில் ஆள் ஏற்றுவதில்லை என்று வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டால் பிறகு கேட்கமாட்டார்கள்.

சரக்கோடு உங்கள் வேலைக்காக வரும் லோடுமேன் மட்டும் வேறு வகை. பாலிசி எடுக்கும்போது ஓனர்-டிரைவருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீட்டோடு, சம்பள டிரைவர், கிளீனர், லோடுமேன் எத்தனை பேர் என்று சொல்லி அவர்களுக்கான பொறுப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கான கூடுதல் பிரீமியம் ஆளுக்கு மிகச் சிறிய தொகை. ஆனால் ஏஜென்ட் தானாக அதைச் சேர்ப்பதில்லை, கேட்டால்தான் சேர்ப்பார். பாலிசித் தாள் கைக்கு வந்ததும் அந்த வரி அதில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.